பிறம்ரன் வரை ஒரு தூக்கம்

கண்ணைத் திறந்தபோது எனக்கு முன்னால் சாமான் ஏற்றும் பெரிய பெரிய ரக்குகள் வரிசையாக நின்றன. வானம் சாம்பல் நிறம். சுற்றிவர யன்னல் இல்லாத நீளமான கட்டடங்கள். ஒரு மனிதத் தலை இல்லை. எங்கோ ஒரு ரக் பின்னுக்கு வரும் 'பீப், பீப்' சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் செத்துவிட்டேன் என்று தீர்மானித்தேன். யமன் எருமையை விற்றுப்போட்டு ரக் ஓடத் தொடங்கிவிட்டான், இது அவனுடைய டிப்போ. அப்படித்தான் நினைத்தேன். சத்தியமாக.

பிறகு பக்கத்தில் பார்த்தேன். சாரதி இருக்கையில் சுகந்தி, இரண்டு கையாலும் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அவள் என் மாணவி. நான் அவளுக்குக் கார் பழக்கும் மாஸ்ரர். மாணவியைக் கார் ஓட விட்டுவிட்டு மாஸ்ரர் நித்திரை கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உடனே மாஸ்ரருக்கென்று என் காலடியில் பூட்டியிருந்த இரண்டாவது பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தேன். கார் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

"சுகந்தி, இது எந்த இடம்?"

"பிறம்ரன், மாஸ்ரர்."

"பிறம்ரனோ?"

"ஓம். எங்கட வீட்டுக்காரர் வேலை செய்யிற வெயர்ஹவுஸ். எனக்குத் தெரிஞ்ச பார்க்கிங் இது ஒண்டுதான். அதுதான் கொண்டுவந்து விட்டனான்."

நாங்கள் வகுப்பைத் தொடங்கிய இடம் நகரத்தின் கிழக்கு அந்தத்தில் இருக்கும் ஸ்காபரோ, டோர்செட் பார்க். பிறம்ரன் இருப்பது நகரத்தின் மற்ற அந்தத்துக்கும் அப்பால்.

நேராகப் போன கதை

நடந்தது இதுதான். சுகந்திக்கு அடுத்த கிழமை லைசென்ஸுக்கான ரோட் ரெஸ்ற். அதனால் அன்று காலையில், "இண்டைக்கு நான் மாஸ்ரர் இல்லை, எக்ஸாமினர். ஒண்டும் கதைக்க மாட்டன்" என்று சொல்லித்தான் காரில் ஏறினேன். கென்னடி வீதியால் மேலே போய் ஸ்ரீல்ஸில் இடது பக்கம் திருப்பச் சொன்னேன். பிறகு, "இனி நேர போங்கோ" என்றேன்.

அதுதான் என் கடைசி வார்த்தை. அதற்குப் பிறகு நான் இல்லை.

ஸ்ரீல்ஸ் வீதியைத் தெரிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. அது முடியாத வீதி. சுகந்தி போனாள். சிவப்புக்கு நின்றாள், பச்சைக்குப் போனாள். பஸ்ஸுக்கு இடம் விட்டாள். யங் வீதி வந்தது, போனது. பல்கலைக்கழகம் வந்தது, போனது. மாஸ்ரர் திரும்பச் சொல்லவில்லை. ஆகவே அவள் திரும்பவில்லை.

"என்னை எழுப்பியிருக்கலாமே?"

"நீங்கள் எக்ஸாமினர் மாதிரி நடிக்கிறியள் எண்டெல்லோ நினைச்சன். போன முறை ரெஸ்ற்றிலையும் அந்த மனுசன் உப்பிடித்தான், ஒரு சொல்லுக் கதைக்காமல் இருந்து பெயில் ஆக்கினவன்."

"நான் குறட்டை விடேல்லையோ?"

சுகந்தி கொஞ்சம் யோசித்தாள். "விட்டனியள்தான். என்ரை கவனத்தைக் குழப்பிப் பாக்கிறியள் எண்டு நினைச்சன்."

வேறு நாளாக இருந்தால் இதற்கு ஒரு மணித்தியாலம் சிரித்திருப்பேன். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரில் இரண்டு உயிர், வீதியில் எத்தனையோ உயிர். நான் அந்தக் கண்ணாடி வழியே ரக்குகளைப் பார்த்துக்கொண்டு, "இனி நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று நினைத்தேன்.

கொஞ்சம் பின்னுக்குப் போவோம்

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில் போன கிழமை என்னை ஒப்பரேசன் மேசையில், மயக்க மருந்து ஏறி, பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்த நிலையில் விட்டிருந்தேன். வாசகர் ஒருவர் போன் எடுத்து, "பிழைச்சிட்டீங்களோ?" என்று கேட்டார். பிழைத்துவிட்டேன், ஐயா. அல்லது வேறு யாரோ என் பெயரில் எழுதுகிறார்.

வாசிக்கத் தவறியவர்களுக்கு: நான் பெரிய மனிதனாக இருந்தேன். சமூகத்தில் அல்ல, தராசில். என் காரில் நான் உட்கார்ந்தால் வலது பக்கம் முழுக்கத் தாழும். மாணவர்கள் கார் தானாகவே வலது பக்கம் இழுக்கிறது என்று முறைப்பாடு செய்வார்கள். சீனி வருத்தமும் பிறசரும் சேர்ந்து வந்த பிறகு, வயிற்றைச் சின்னதாக்கித் தைக்கும் ஒப்பரேசன் ஒன்று இருக்கிறது என்று டொக்டர் சொன்னார். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களில் அப்படி ஒன்றைச் செய்துகொண்டவரை எனக்குத் தெரியாது. முதல் ஆளாக நான் போனேன்.

ஒப்பரேசன் நன்றாகவே நடந்தது. பிரச்சினை வீட்டில் தொடங்கியது.

பார்க்டேல் மச்சாள்

என் மனைவி பவளத்துக்கு ஒரு அக்கா. எனக்கு மச்சாள். பார்க்டேலில் இருந்தார். எங்கள் ஆட்கள் இந்த நகரத்துக்கு வரத் தொடங்கிய காலத்திலேயே வந்து, பத்துப் பதினைந்து பிள்ளைப்பேறுகளுக்குப் பத்தியம் வைத்துக் கொடுத்தவர். வெட்டுக்காயம் என்றால் என்ன கொடுக்கலாம், எது கூடாது என்பதில் அவருடைய தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

ஆசுப்பத்திரியில் தந்த சாப்பாட்டுத் தாளைப் பவளம் போனில் அவருக்கு வாசித்துக் காட்டினாள். மறுபக்கத்தில் இருந்து வந்த பதில் எனக்கே கேட்டது.

"வெள்ளையளுக்கு அது சரி. அவருக்கு முட்டையைக் குடுத்துப் போடாதை. காயம் சீழ் பிடிக்கும்."

அந்த ஒரு வசனத்தோடு முட்டை போனது. முட்டைக்குப் பின்னால் ஒவ்வொன்றாக மற்றவையும் போயின. இறால், நண்டு கிரந்தி, புண்ணைக் கிளப்பும். பருப்பு வாயு. தயிர் குளிர். பால் சளி. கோழி சூடு. மீன் பத்தியத்துக்கு நல்லதுதான், ஆனால் அது கரைக்கு வந்த கையோடு வாங்கிய மீனாக இருக்க வேண்டும். இங்கே ஸ்காபரோக் கடையில் கல் மாதிரி உறைந்து கிடக்கும் பெட்டி மீன் பத்தியத்துக்கு ஆகாது. ஒன்ராறியோ வாவியில் நான் தூண்டில் போடட்டுமா என்று கேட்டேன். பவளம் கஞ்சிக் கோப்பையை நீட்டினாள்.

மிஞ்சியது: அரிசிக் கஞ்சி. மல்லித் தண்ணி. கரைத்த இடியப்பம். மிளகு சீரகம் அவித்த சரக்குத் தண்ணி. மறுபடியும் அரிசிக் கஞ்சி.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பவளம் விடிய எழும்பி, வேலைக்குப் போவதற்கு முன்னால் மல்லியும் மிளகும் வறுத்து, இடித்து, வடித்துத் தருவாள். அப்படி ஒரு அன்பை எதிர்த்து யார் வழக்குப் பேசுவது? நானும் நல்ல பிள்ளையாகக் குடித்தேன். கிளினிக்கில் இருந்து தாதி போன் பண்ணிச் சாப்பாடு எப்படி என்று கேட்டபோது, மிகவும் கட்டுப்பாடாக இருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெண் என்னைப் பாராட்டினாள்.

மரண அறிவித்தலுக்கு ஒரு படம்

நிறை குறைந்தது. பனி உருகுகிற மாதிரிக் குறைந்தது. ஆனால் நிறையோடு சேர்ந்து நானும் போய்க்கொண்டிருந்தேன்.

படி ஏறினால் இடையில் நின்று யோசிக்க வேண்டும். சப்பாத்து நூலைக் கட்டக் குனிந்தால், குனிந்த இடத்திலேயே இருந்துவிடலாமா என்று தோன்றும். சீப்பில் தலைமயிர் வந்தது. எனக்கு அதிலும் பெரிய கையிருப்பு இல்லை. எல்லாவற்றையும் விட மோசம் மனம். கல்யாண வீட்டில் நான் ஒரு மேசையில் இருந்தால் பக்கத்து மேசைக்காரர் கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்வார்கள், அப்படிப்பட்ட ஆள் நான். இப்போது யாராவது பகிடி விட்டால், இவர் ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரங்களில் சோபாவில் இருந்து எதிர் அப்பார்ட்மென்ற் பல்கனிகளைப் பார்ப்பேன். அழுகை வராது. சிரிப்பு வராது. ஒன்றும் வராது.

கடைத்தெருவில் சனம் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தத் தொடங்கியது. "அண்ணை... சுகமா இருக்கிறியளோ?" அந்த இடைவெளிக்குள் அவர்கள் என்ன வருத்தத்தை நினைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டு பேர் அப்படிக் கேட்டதும் எனக்கும் அதே வருத்தம்தான் என்று நானும் நம்பினேன். வயிற்றைத் திறந்தவர்கள் எதையோ கண்டிருக்கிறார்கள், மூடிவிட்டு எனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

ஆகவே ஒரு நாள் பவளம் வேலைக்குப் போன பிறகு அல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மரண அறிவித்தலுக்குப் போடப் படம் தேடினேன். சிரிக்காதீர்கள். இதே மாதிரிக் கிழமைப் பத்திரிகைகளில் எத்தனை பேருக்குப் பொருத்தமில்லாத படம் போடுகிறார்கள், பார்த்திருக்கிறீர்கள்தானே. பழைய படங்களில் நான் சட்டத்துக்கு வெளியே போய்க்கொண்டிருந்தேன். புதுப் படம் எடுத்தால் அது நானென்று ஒருவரும் நம்ப மாட்டார்கள், வேறு யாரோ செத்துவிட்டார் என்று செத்தவீட்டுக்கு வராமல் விட்டுவிடுவார்கள். எந்தப் படமும் சரிவரவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகச் சாவைக் கொஞ்சம் தள்ளிப்போட்டேன்.

ஆனால் இன்னொரு முடிவு எடுத்தேன். அதில் பகிடி இல்லை. அடுத்த முறை டொக்டரைக் காணும்போது, தைத்ததைப் பிரித்து என்னைப் பழையபடி ஆக்கிவிடச் சொல்லிக் கேட்பது. சீனி வருத்தமோ பிறசரோ வரட்டும். குண்டனாக இருந்தாலும் அவன் ஒரு ஆள். இந்த மெல்லியவன் யாரென்றே எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்தது

மறுபடியும் பிறம்ரன். நான் ஸ்ரியறிங் பிடிக்கும் நிலையில் இல்லை, அது எனக்கே தெரிந்தது. சுகந்திதான் திரும்ப ஓட வேண்டும். அவளுக்கு அதில் பயம் இருந்த மாதிரித் தெரியவில்லை. "வந்த பாதைதானே, மாஸ்ரர்" என்றாள். இரண்டு முறை ரெஸ்ற்றில் தவறியவள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "சரியோ? சரியோ?" என்று கேட்பவள், அன்று ஒன்றும் கேட்காமல் ஓடினாள். நான் தொடையைக் கிள்ளிக்கொண்டு விழித்திருந்தேன்.

என் வீட்டு வாசலில் இறங்கும்போது, நான் நித்திரை கொண்டதை வெளியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவள் அந்த வாக்கை அப்படியே காப்பாற்றினாள். தான் பிறம்ரன் வரைக்கும் கார் ஓடிய கதையை மாத்திரம் சொன்னாள். பொழுதுபடுவதற்குள் டோர்செட் பார்க் முழுக்கக் கதை பரவிவிட்டது: மாஸ்ரர் இப்போது புது முறையில் பழக்குகிறாராம், வாயே திறக்காமல் பிறம்ரன் வரை விடுகிறாராம். மூன்று பேர் போன் எடுத்துத் தங்களையும் சேர்க்கச் சொன்னார்கள்.

பவளத்துக்கும் வேலையிடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் மெச்சிய இடத்தில் அவள் மட்டும் சந்தேகப்பட்டாள். கோட்டைக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்கள் வாய் திறக்காமல் அவ்வளவு தூரம் போனனீங்களோ?"

"ஓம்."

"உண்மையைச் சொல்லுங்கோ. என்ன நடந்தது?"

இருபது வருடமாக என் வாயோடு குடும்பம் நடத்தியவளை ஏமாற்ற முடியாது. சொன்னேன். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். போய்க் கார்ச் சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டாள். அடுத்த நாள் காலை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, என்னை பஸ்ஸில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கவனமாக எடுத்துவிட்டோம்

அங்கே சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண்மணி முதலில் பவளத்திடம், இவர் நாளாந்தம் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். பவளம் ஒரு நல்ல மாணவியைப் போலக் காலையில் இருந்து இரவு வரைக்கும் ஒப்புவித்தாள். பெண்மணி எழுதிக்கொண்டே வந்தார். பிறகு பேனையை வைத்துவிட்டு, இதில் முட்டை எங்கே, மீன் எங்கே, பருப்பு எங்கே, புரதம் என்று ஒன்றையும் காணவில்லையே என்றார்.

பவளம் பெருமையோடு சொன்னாள், அதையெல்லாம் நாங்கள் ஒன்றும் விடாமல் கவனமாக எடுத்துவிட்டோம் என்று.

அந்தப் பெண்மணி கதிரையை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டார்.

பெண்மணி ஏளனம் செய்யவில்லை. யார் சொன்னது என்று கேட்டார், ஏன் என்று கேட்டார், கிரந்தி என்றால் என்னவென்று விளங்கும் வரை கேட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். காயம் ஆறுவதற்கே அந்தச் சாமான்கள்தான் வேண்டும். கோழி முட்டை அளவு வயிற்றில் ஒரு நாளைக்குப் போவதே கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தையும் கஞ்சித் தண்ணியால் நிரப்பினால் உடம்பு தன் தசையையே எடுத்துத் தின்னும். களைப்பு வராமல் என்ன செய்யும்?

டொக்டர் வந்தார். வயிற்றைப் பார்த்தார். காயம் எப்போதோ ஆறிவிட்டிருந்தது. இரத்தம் எடுத்தார்கள், இரும்புச்சத்து அடிமட்டத்தில் கிடந்தது பிறகு தெரிய வந்தது. குளிசையும் ஊசியும் எழுதினார். இரத்தம் சரிவரும் வரை கார் பழக்கக் கூடாது என்றார். இந்த ஒப்பரேசனுக்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களுக்கே முதல் சில மாதங்கள் களைப்பாகத்தான் இருக்கும் என்றும், நான் அந்தக் களைப்பை இரட்டிப்பாக்கி வைத்திருக்கிறேன் என்றும் சொன்னார்.

பிறகு, மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

நான், மனத்துக்கு நிறை பார்க்க மறந்துவிட்டோம் என்று ஏதோ சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. காத்திருந்தார். இப்படிக் காத்திருக்கிற மனிதரோடு பழகி எனக்குப் பழக்கமில்லை. என் பகிடிக்குப் பிறகு எப்போதும் யாராவது சிரிப்பார்கள், அந்தச் சிரிப்புக்குள் நான் தப்பிவிடுவேன்.

"எனக்குச் சிரிப்பு வருகுதில்லை" என்றேன். ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி, தமிழில் முடித்தேன். பவளம்தான் அவருக்கு மொழிபெயர்த்தாள்.

சாப்பாட்டையே ஆறுதலாக வைத்திருந்த ஆளிடம் இருந்து அதை ஒரே நாளில் பறித்தால் மனம் துக்கம் காக்காதா என்று டொக்டர் கேட்டார். இது பலருக்கும் வருகிறது, இதுவும் வைத்தியம் பார்க்க வேண்டிய ஒன்று, வெட்கப்பட ஒன்றுமில்லை. உடம்பு தேறும்போது இதுவும் கொஞ்சம் தேறும், தேறாவிட்டால் இதற்கென்றே பேச ஆள் இருக்கிறது. நாளாந்தம் கொஞ்சம் நட. வெளியில் குளிர் என்றால் மோலுக்குள் நட. ஒவ்வொரு கிழமையும் எனக்கு வந்து சொல் என்றார்.

தைத்ததைப் பிரிக்கச் சொல்லிக் கேட்கத்தான் நான் வந்திருந்தேன். கேட்கவில்லை. மறந்ததால் அல்ல. இன்னும் ஒரு கிழமை பார்ப்போம் என்று அன்றைக்குத்தான் முதல் தடவை தோன்றியது.

ஒரு பானை முட்டை

வீட்டுக்கு வந்ததும் பவளம் நேரே போனுக்குப் போனாள். மச்சாளுக்கு யார் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போது நான் பயந்துகொண்டு வந்த விசயத்தை அவள் நின்ற நிலையிலேயே முடித்தாள்.

"அக்கா, நான் முட்டை அவிக்கப் போறன்."

மறுபக்கத்தில் நீண்ட நேரம் பேச்சு நடந்தது. பவளம் "ஓம்" என்றாள், "இல்லை" என்றாள், "காயம் ஆறியிட்டுது, டொக்டர் பாத்தவர்" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டு அடுப்பில் பானையை வைத்தாள்.

எனக்கு ஒரு முட்டை. அதையும் மசித்து, சின்னக் கரண்டியால், ஒவ்வொரு வாய்க்கும் இடையில் நாட்டு நடப்புகளை யோசிக்கும் அளவுக்கு ஆறுதலாகச் சாப்பிட வேண்டும். உப்பும் மிளகுத்தூளும் போட்டிருந்தாள். மஞ்சள் கரு நாக்கில் பட்டதும் எனக்கு என்னவோ செய்தது. ருசி என்ற ஒன்று உலகத்தில் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். பவளம் அடுப்படியில் நின்றபடியே ஒரு முட்டையை இரண்டு வாயில் முடித்தாள். அடுத்ததை உரித்தாள். அதையும் முடித்தாள். மூன்றாவதைக் கையில் எடுத்தாள்.

"நீர் மத்தியானம் சாப்பிடேல்லையோ?"

"இவ்வளவு நாளும் எங்க சாப்பிட்டனான்?" அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்கள் கஞ்சி குடிக்க நான் என்னெண்டு மீன் பொரிச்சுத் தின்னுறது? நீங்கள் குடிச்சதைத்தான் நானும் குடிச்சனான்."

பவளத்துக்கு ஒப்பரேசன் இல்லை. கிளினிக் இல்லை, தாதி இல்லை, போன் பண்ணிப் பாராட்ட யாரும் இல்லை. தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்துவிட்டு, கஞ்சியைக் குடித்துக்கொண்டு, என்னையும் பார்த்திருக்கிறாள். நான் என் படத்தைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில் அவள் கன்னங்களும் உள்ளே போயிருந்தன. இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் அப்போதுதான் கண்டேன்.

அவளுக்கு ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"கொஞ்சம் பாத்துச் சாப்பிடும் பவளம். உந்த வேகத்தில போனால் அடுத்த கிழமை உம்மட வயித்தையும் தைக்கச் சொல்லுவாங்கள்."

அவள் கை அப்படியே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாய் நிறைய முட்டை. சிரிப்பு முதலில் தோளில்தான் தொடங்கியது, பிறகு புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, அடுப்படித் தட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். அவள் சிரிப்பைப் பார்த்து எனக்கும் ஏதோ வயிற்றுக்குள் அசைந்தது. தையல் போட்ட இடம் இழுத்தது, நோகவும் செய்தது. ஆனால் அது சிரிப்புத்தான். எனக்கு அடையாளம் தெரிந்தது.

போன் மறுபடியும் அடித்தது. பார்க்டேல். முட்டை கொடுத்த பிறகு ஆள் எப்படி இருக்கிறார் என்று விசாரணை. பவளம் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைக் காதில் வைத்தாள்.

"ஓம் அக்கா. ஆள் வந்திட்டார்."

"எங்க போனவர்?" என்று மச்சாள் கேட்டது எனக்கே கேட்டது.

பவளம் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அடுத்த முட்டையின் கோதைத் தட்டத் தொடங்கினாள்.